முழுகாத மரம்

அது ரம்பமுங்க. பயப்படாதீங்க, பல்லை உள்பக்கமாத் திருப்பி சாக்கு சுத்தித்தான் வெச்சிருக்கேன். பஸ்ஸு குலுங்கறப்ப உங்க முட்டியில பட்டாச் சொல்லுங்க, அக்கட்டால நகத்தி வெச்சுக்கறேன். மரம் அறுக்கற ஆளான்னு கண்டக்டர் கூடக் கேட்டாரு. இல்லீங்க. நான் நூல் மில்லுல இருந்தவன். முப்பத்தோரு வருசம், குவாலிட்டி செக்சன். பேரு சென்னியப்பன். ஒரு கோன் நூலைக் கையில குடுத்தீங்கன்னா எங்க தடிச்சிருக்குது, எங்க மெலிஞ்சிருக்குதுன்னு கண்ண மூடிட்டு விரல்லயே சொல்லிருவேன்.

இந்த ரம்பம் மீன் தொட்டிக்குங்க. மீன் தொட்டிக்குள்ள அழகுக்கு மரம் வெக்கறாங்கல்ல, வேரு மாதிரி, கெளை மாதிரி, மீனெல்லாம் பூந்து பூந்து போகுமே, அந்த மரத்துக்கு. நீங்களும் சிறுமுகைதானே போறீங்க? அப்ப நேரமிருக்குது. சொல்றேன்.

போன வைகாசியில ரிட்டையர் ஆனேன். சும்மா உக்காந்திருக்கற ஆளில்லீங்க நான். எஞ் சம்சாரம் தங்கநாயகி, பாவம், அத்தன வருசமும் அடுப்படிய ஒத்தையாச் சமாளிச்சவ. நான் ஷிப்டு ஷிப்டுன்னு ஓடிட்டிருந்தனா, அவளுக்கு ஒத்தாசைக்கு ஆளில்ல. சரி, இனிமேலாவது கூட நிக்கலாம்னு மொத நாள் காலையிலயே உள்ள போயிட்டேன். தோசைக்கு ஸ்கேல் வெச்சேன். ஒண்ணு பதினெட்டு சென்டிமீட்டர், ஒண்ணு இருபத்தொண்ணு, இப்படி இருந்தா எப்படீங்க? மசாலா டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டினேன். உப்பு ஜாடிய எடது பக்கத்துலருந்து வலது பக்கத்துக்கு மாத்தினேன், கை நீட்டற தூரம் கொறையும்னு. குக்கர் விசிலுக்கு ஸ்டாப்வாட்ச் வெச்சேன். ரெண்டு மாசத்துல அவ சமையலு எவ்வளவோ முன்னேறிருச்சுங்க. அவ அதச் சொல்லிக்கல. அவ பேசறதே கொறைஞ்சு போச்சு, கவனம் வந்துட்டா பேச்சுக் கொறையுமில்ல. வெங்காயம் அரியறப்ப மட்டும் கண்ணு கலங்கும். வெங்காயம் இல்லாத சமையலுக்கும் கலங்குச்சு. அது புகையா இருக்கும்னு சிம்னிய கழட்டித் தொடச்சுக் குடுத்தேன்.

அப்பத்தான் ஒரு நாள் அவளே போயி ஒரு மீன் தொட்டி வாங்கிட்டு வந்தா. மூணடி நீளம். ஆட்டோவுல மடியில வெச்சுட்டு வந்து எறங்கறா. மீனப் பாத்துட்டிருந்தா பிரஷர் கொறையும்னு டாக்டர் சொன்னாராம். எனக்கு பிரஷரே இல்லையே, யாருக்குன்னு கேட்டேன். எனக்குன்னு சொன்னா.

சரி, வந்தது வந்துருச்சு, முறையாச் செய்யோணும்னு மீன் கடை சிக்கந்தர்கிட்டப் போயி வெவரம் கேட்டேன். உள்ள வெக்க மரம் வேணும்னா கடையில வாங்கலாம், இல்ல ஆத்தோரம் போயி நீங்களே எடுக்கலாம்னு சொன்னாரு. பச்ச மரமா இருக்கக் கூடாது, பால் வர்றது ஆகாது, பிசின் வர்றது ஆகாது. செத்து, காஞ்சு, வெள்ளத்துல அடிபட்டு வைரம் மட்டும் நின்ன மரமா இருக்கோணும். பட்டைய உரிச்சு, மக்கின எடத்தக் கத்தியில சொரண்டி, பிரஷ் போட்டுத் தேய்க்கோணும், சோப்பு மட்டும் தொடக் கூடாது. அப்பறம் வேக வெக்கோணும். அப்பறம் ஊற வெக்கோணும். மரத்துல இருக்கற சாயமெல்லாம் தண்ணியில எறங்கி, மாத்தி மாத்தி ஊத்தற தண்ணி வெள்ளையா நிக்கோணும், மரமும் மெதக்காம முழுகோணும். அது வரைக்கும் தொட்டிக்குள்ள விடாதீங்க, மூணு வாரம் ஆகும்னாரு.

மூணு வாரம். ஞாபகம் வெச்சுக்கங்க.

ஆடியில வெள்ளம் வடிஞ்சதும் இதே பஸ்ஸுலதான் வந்தேன். பவானிக் கரையில கெடந்துச்சு. ரெண்டரையடி, மூணு கையி, நடுவுல ஒரு பொந்து. விழுந்து கும்பிட்டாப்பல ஒரு வளைவு. பாத்ததும் இதுதான்னு தெரிஞ்சுது. கொண்டு வந்து ரெண்டு நாள் சொரண்டினேன். பொந்துக்குள்ள தேய்க்கறதுக்கு பல்லு வெளக்கற பிரஷ் வேணும்னேன், தங்கநாயகி பிரிக்காத புதுசா மூணு எடுத்துக் குடுத்தா. அன்னைக்கிருந்தே அவளுக்கு இதுல ஆர்வம்.

வேக வெக்கறதுதான் செரமமாப் போச்சு. எந்தப் போசி பாத்திரத்துலயும் அடங்கல. கல்யாணத்துக்குச் சோறாக்கற அண்டா ஒண்ணு இரவல் வாங்கினோம், அதுலயும் ஒரு கை வெளிய நீட்டிட்டு நின்னுது. கேஸ் அடுப்பு தாங்காதுன்னு பின்னாடி கல்லு கூட்டி வெறகு எரிச்சேன். மரத்த வேக வெக்க மரத்த எரிக்கிறியான்னு எதிர் வீட்டுக்காரர் கேட்டாரு. வெவரம் தெரியாதவங்ககிட்ட என்னத்தச் சொல்றது? காலையில தலைகீழா நாலு மணி நேரம், மத்தியானம் நேரா நாலு மணி நேரம். தங்கநாயகி வந்து வெந்துருச்சுங்களான்னு கேட்டா. உப்பு வேணுமான்னும் கேட்டா. சிரிக்காமத்தான் கேட்டா.

அப்பறம் ஊற வெச்சோம். நீல டிரம்மு ஒண்ண பாதியா அறுத்து, தொவைக்கற கல்லுப் பக்கத்துல வெச்சேன். மில்லுல சாயத்துக்கு ஷேட் கார்டுன்னு ஒண்ணு உண்டுங்க, நூலு கலரு சரியா வந்திருக்குதான்னு வெச்சுப் பாக்கறது. அதுல பழசு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. தெனமும் காலையில ஏழு மணிக்கு ஒரு கரண்டி தண்ணிய வெள்ளப் பீங்கான் வட்டல்ல ஊத்தி, கார்டப் பக்கத்துல வெச்சு நம்பர் எழுதுவேன். அப்பறம் தண்ணிய மாத்துவேன். மொத நாளு இருபத்தாறு, கருப்பட்டிக் கலரு. ஒரு வாரத்துல பதினெட்டு. ரெண்டு வாரத்துல ஒம்பது. இருபதாம் நாளு மூணு. மூணுன்னா கிட்டத்தட்டப் பச்சத் தண்ணிங்க. மரமும் ஒரு கைய மட்டும் வெளிய நீட்டிட்டு முக்காவாசி எறங்கிருச்சு. நான் சந்தோசமா அன்னைக்குப் பொழுதோட தங்கநாயகிகிட்டச் சொன்னேன், நாளைக்கோ நாளான்னைக்கோ வேலை முடிஞ்சுரும், அப்பறம் நம்ம பழையபடி அடுப்படியப் பாக்கலாம், ரசத்துல இன்னும் கைவெக்கவே இல்லைன்னேன்.

அடுத்த நாள் காலையில இருபத்தி நாலு.

மூணுல இருந்த தண்ணி ஒரே நாள்ல இருபத்தி நாலு. வட்டல மாத்திப் பாத்தேன், கண்ணாடியத் தொடச்சுப் பாத்தேன். இருபத்தி நாலுதான். சிக்கந்தர்கிட்ட ஓடினேன். அவரு முப்பது வருசமா மீன் கடை வெச்சிருக்கறவரு, இப்படிக் கேள்விப்பட்டதே இல்லைன்னுட்டாரு. சில மரத்துல உள்ளுக்குள்ள சாயம் தங்கியிருக்கும், மறுபடி வேக வெச்சுப் பாருங்கன்னாரு. மறுபடி அண்டா, மறுபடி வெறகு.

அதுக்கப்பறம் எட்டு மாசம். ஆமாங்க, எட்டு மாசம். நாலு நாள் நல்லாக் கொறையும். பன்னெண்டு, ஒம்பது, ஆறுன்னு எறங்கிட்டே வரும். இந்த வாரம் முடிஞ்சுரும்னு நான் வாய்விட்டுச் சொன்னனோ இல்லையோ, அடுத்த நாளே ஏறிக்கும். நான் பேசறது அதுக்குக் காது கேக்குதோன்னு கூட ஒரு சமயம் நெனச்சேன். அதனால வீட்டுல சொல்லாம மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டேன். ஆனா மொகத்துல தெரிஞ்சுரும் போல.

இன்னொண்ணு, வாசம். வெள்ளிக்கெழமையானா ஏலக்காய் வாசம் அடிக்கும். மழை பேஞ்ச நாள்ல இஞ்சி வாசம். பொய் சொல்லலீங்க, நோட்டுல தேதியோட எழுதி வெச்சிருக்கேன். ஒரு நாள் நாக்குல வெச்சும் பாத்தேன். டீ மாதிரி இருந்துச்சு. நானும் ஒண்ணும் தெரியாதவனில்ல, படிச்சுப் பாத்தேன். மரத்துல இருக்கற அந்தச் சாயமும் டீயில இருக்கற துவர்ப்பும் ஒரே வஸ்துதானாம். அப்ப டீ ருசி வரத்தானே செய்யும்? டிரம்முக்கு அடியில கருப்பா துகள் துகளாத் தங்கும். மரத்தோட உள்மாவுன்னு ஒரு பொட்டலத்துல சேத்து வெச்சேன். ஒரு தடவ டீ வடிகட்டி ஒண்ணு டிரம்முக்குள்ள கெடந்துச்சு. காக்கா தூக்கிட்டு வந்து போட்டிருக்கும்னு தங்கநாயகி சொன்னா. எங்க பக்கம் காக்காத் தொல்ல ஜாஸ்தி.

முழுகறதும் அதே கததான். ஒரு நாள் பென்சன் ஆபீசுக்குப் போயிட்டு மத்தியானம் வர்றேன், டிரம்முல மரத்தக் காணோம். பாத்தா மொட்ட மாடியில, வடகம் காயப் போட்ட துணிக்குப் பக்கத்துல, நல்ல வெயில்ல கெடக்குது. மூணு மாசமா ஊறினது ஒரு பகல்ல சுக்காக் காஞ்சு போச்சு. டிரம்முல போட்டா தக்கையாட்ட மெதக்குது. ஏன் அம்முணி இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். பாவம், ஒரே ஈரமாக் கெடக்குதேன்னு வெயில்ல வெச்சேனுங்கன்னா. என்னத்தத் திட்டறது? அவளுக்கு சயின்ஸ் தெரியாது. நல்ல மனசு.

இது சாதாரண மரமா இருக்காதுன்னு எனக்குத் தோணிருச்சு. ரெண்டு வீதி தள்ளி மயில்வாகனன்னு ஒருத்தர் இருக்கறாரு. காலேஜுல தாவரவியல் புரபசரா இருந்து ரிட்டையர் ஆனவரு. நோட்டை எடுத்துட்டுப் போயிக் காட்டினேன். அவரு அரை மணி நேரம் படிச்சுட்டு நாளைக்கே வர்றேன்னாரு. வந்த அன்னைக்குப் பாத்து மழை. டிரம்முகிட்டக் குனிஞ்சு மோந்து பாத்தாரு. ஒரு ஸ்பூன் கேட்டாரு, குடுத்தேன். எடுத்து வாயில வெச்சு, கண்ண மூடிட்டு அப்படியே நின்னாரு. அப்பறம் மெதுவா, உங்க வீட்டுல டீ போடறது யாருன்னு கேட்டாரு. எஞ் சம்சாரந்தான்னேன். கை கழுவிட்டு வர்றேன்னு உள்ள போனவரு பத்து நிமிசம் ஆளக் காணோம். அடுப்படியில ரெண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிச்ச சத்தம் கேட்டுது. வெளிய வந்து, மொகத்தத் துண்டுல தொடச்சுக்கிட்டு, எங் கையப் புடிச்சுக்கிட்டாரு.

"சார், நான் இத்தன வருசத்துல இப்படி ஒரு மரத்தப் பாத்ததில்ல. இது அவசரப்படற சமாச்சாரமில்ல. ஒரு வருசமாவது ஊறட்டும். ஒரு நாள் கூட விடாம நோட்டுல எழுதுங்க."

படிச்சவங்க சொன்னா அதுல ஒரு தெம்புங்க. அவரு வீட்டுக்கார அம்மாவும் ரெண்டு நாள் கழிச்சு வந்து பாத்தாங்க. தங்கநாயகிகிட்ட அந்தம்மா ரொம்ப நேரம் ரகசியமாப் பேசிட்டிருந்துட்டு, போறப்ப எங்கிட்ட, இந்த மரம் எந்த ஆத்துல கெடைக்குதுங்கன்னு கேட்டுக் குறிச்சுட்டுப் போனாங்க. அவங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வேணுமாம். ஆராய்ச்சிக்குன்னு நெனைக்கறேன்.

இதுக்கு நடுவுல ஒரு நல்லது நடந்துச்சு, அதையும் சொல்லோணும். பொழுதோட நான் டிரம்மு பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்திருப்பேன். ஆறாவது மாசத்துலருந்து தங்கநாயகியும் ரெண்டு டம்ளர் எடுத்துட்டு வந்து கல்லு மேல உக்கார ஆரம்பிச்சா. மொதல்ல மரத்தப் பத்தித்தான் பேசினோம். அப்பறம் வேற பேச்சும் வந்துச்சு. நான் நைட் ஷிப்டு போன வருசமெல்லாம் அவ கதவுக்குப் பின்னாடி அரிசி மூட்டைய நகத்தி வெச்சுட்டுத்தான் படுப்பாளாம். எனக்குத் தெரியாதுங்க. நான் வர்றதுக்கு முன்னால திருப்பி எடத்துல வெச்சுருவாளாம். மூட்டையக் கீழ வெச்சு இழுத்தா தரையில கோடு விழுகும், அந்தக் கோட்டப் பாத்து நான் சத்தம் போட்டிருக்கேன், எலி இழுக்குதான்னு. அத அவ சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

மாசி கடசியில நான் உடைஞ்சு போயிட்டேன். அன்னைக்குக் காலையில நம்பரு நாலு, மத்தியானம் சும்மா வெச்சுப் பாத்தா இருபத்தி மூணு. ஒரே பகல்ல. போதும்னு மரத்தத் தூக்கித் தோள்ல வெச்சுட்டு வாசலுக்குப் போயிட்டேன். குப்ப வண்டி நின்னுட்டிருந்துச்சு, பாட்டுப் போட்டுக்கிட்டு. வண்டிக்காரர் கூட கை நீட்டிட்டாரு. உள்ளருந்து தங்கநாயகி செருப்புக் கூடப் போடாம ஓடி வந்தா. கையில கரண்டி. வண்டிக்கும் எனக்கும் நடுவுல நின்னுட்டா.

"இத்தன மாசம் பாத்துட்டு இப்ப விட்டா எப்படீங்க? இன்னும் கொஞ்ச நாள் பாருங்க. நீங்க விட்டுக் குடுக்கற ஆளில்லைங்க. எனக்குத் தெரியும்."

வீதியே பாத்துட்டிருந்துச்சு. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. மில்லுல முப்பத்தோரு வருசம் இருந்தேன், கடசி நாள் ஒரு சால்வ போத்தினாங்க, ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. இந்த மாதிரி ஒரு வார்த்த ஒருத்தரும் சொன்னதில்லீங்க. மரத்தத் திருப்பிக் கொண்டு போயி டிரம்முல போட்டேன். அவ அன்னைக்குக் கை கழுவற எடத்துல ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தா.

பங்குனியில எம் பொண்ணு கோகிலவாணி ஓசூர்ல மாடிப்படியில வழுக்கி விழுந்து காலுக்கு மாவுக்கட்டு. தங்கநாயகி கிட்டத்தட்ட மூணு வாரம் போயிருந்தா. போறப்ப என்னையவிட டிரம்மத்தான் ரெண்டு மூணு தரம் திரும்பிப் பாத்துட்டுப் போனா.

அந்த மூணு வாரமும் எனக்குச் சோறு எறங்கல. அடுப்படிக்குள்ள போயி நின்னா அந்தச் சீட்டு ஒட்டின டப்பாவெல்லாம் வரிசையா என்னையே பாக்குது. ஒரு சோத்த ஆக்கி, மோர ஊத்தித் தின்னுட்டு வெளிய வந்து டிரம்முகிட்ட உக்காந்துக்குவேன். பேச ஆளில்ல. ஆனா ஒரு அதிசயம் பாருங்க. அவ போன மக்காநாள்லருந்து தண்ணி எறங்க ஆரம்பிச்சுருச்சு. பதினேழு, பன்னெண்டு, எட்டு, அஞ்சு. ஏறவே இல்ல. வெள்ளிக்கெழமை ஏலக்காயும் இல்ல. ஒரு நாள் மழை பேஞ்சுது, இஞ்சியும் இல்ல. பதினெட்டாம் நாளு ஷேட் கார்டுல மொத நம்பரவிடவும் கொறைச்சல், வெறும் தண்ணி. எட்டிப் பாக்கறேன், மரம் அடியில போயி உக்காந்திருக்குது. மூணு கையும் தரையில ஊனி, காலங்காலமா அங்கயே இருக்கறாப்பல. கையால மேல தூக்கி விட்டேன், மறுபடி அமைதியா எறங்கிருச்சு. வீட்டுல ஆள் நடமாட்டம், பாத்திரச் சத்தம் இல்லாததுனால மரம் அடங்கிருச்சுன்னு நோட்டுல எழுதினேன். வேற காரணம் என்ன இருக்க முடியும்?

உடனே ஓசூருக்குப் போன் போட்டேன். மரம் முழுகிருச்சுன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு நெனச்சேன்.

"முழுசாவா?"ன்னு கேட்டா.

முழுசா, தண்ணியும் கண்ணாடியாட்ட இருக்குதுன்னேன். நான் நாளைக்கே வர்றேன்னா. பொண்ணுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கல, இருந்தும் வந்துட்டா. அவ்வளவு சந்தோசம்.

அவ வந்த அன்னைக்கே மரத்தத் தொட்டியில எறக்கி, மணல் பரத்தி, தண்ணி நெரப்பினோம். ஒரு வாரம் விட்டு சிக்கந்தர் கடையிலருந்து சின்ன மீனு ஆறு வாங்கியாந்து விட்டோம். அதுக பொந்துக்குள்ள பூந்து அந்தப் பக்கமா ஒண்ணொண்ணா வந்துச்சுக. தங்கநாயகி மொகத்தக் கண்ணாடிகிட்ட வெச்சுப் பாத்துட்டே இருந்தா. நல்லாத்தான் இருக்குதுங்கன்னா.

மக்காநாள் காலையில எனக்கு வேலையில்ல. ஏழு மணிக்கு ஷேட் கார்டக் கையில எடுத்துட்டேன், பழக்கம். டிரம்மு காலி. சரின்னு அடுப்படிக்குள்ள போயி சாம்பாருக்கு வெச்சுப் பாத்தேன். இருபத்திரண்டு. முந்தின வாரத்துச் சாம்பாரு எத்தனன்னு குறிச்சு வெச்சியா அம்முணின்னு கேட்டேன். அவ அடுப்ப அணைச்சா. ஈரக் கையச் சீலையில தொடச்சா. என்னைக் கூட்டிட்டுப் போயி தொவைக்கற கல்லு மேல உக்கார வெச்சுட்டு, முக்காலிய இழுத்துப் போட்டு எதுத்தாப்பல உக்காந்தா.

"ஏனுங்க, உங்ககூட இங்க உக்காந்திருக்கறது எனக்குப் புடிச்சிருக்குது. இங்க. அடுப்படியில வேண்டாமுங்க."

நல்லா யோசிச்சுத்தான் சொல்லியிருக்கறா. அடுப்படியில டிரம்மு வெச்சா எடம் பத்தாது, நான் கூட அதப் பத்தி நெனச்சதில்ல. அப்ப இன்னொரு மரம் எடுத்தா இங்கயே வெச்சுக்கலாங்கறயான்னு கேட்டேன். அவ என்னைச் சித்த நேரம் அப்படியே பாத்தா. அப்பறம் சிரிச்சுட்டா. ஆமாங்க, பெருசாப் பாத்து எடுத்துட்டு வரலாமுங்கன்னா.

அதுக்குத்தானுங்க இன்னைக்குப் பயணம். அதோ முன்னாடி, மூணாவது சீட்டு, பச்சக் கலரு சீல, சன்னல்ல தலய சாச்சுட்டுத் தூங்கறா பாருங்க, அவதான். மில்லு லீவுல ஒரு தடவ கூட நாங்க இப்படிக் கெளம்பினதில்ல. நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன்னுதான் சொன்னேன். அவ கேக்கல. உங்கள நம்ப முடியாது, நீங்க சீக்கிரம் முழுகற மரமாப் பாத்து எடுத்துட்டு வந்துருவீங்கன்னா. நேத்து சிக்கந்தருக்கு அவளே போன் பண்ணி, எந்த மரம் ரொம்ப நாளைக்குச் சாயம் விடும்னு கேட்டிருக்கறா. ஆர்வம் இல்லாதவங்க கேக்கற கேள்வியாங்க அது?

சிறுமுகை வந்துருச்சு போல. காலச் சித்த எடுத்துக்கங்க, ரம்பம். பாத்தீங்களா, நான் எந்திரிக்கறதுக்குள்ள அவ எறங்கிட்டா. ரோட்டோரம் யாருகிட்டயோ ஆத்துக்கு வழி கேட்டுட்டிருக்கறா. வழி எனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கேன், இருந்தாலும் கேக்கறா. கேக்கட்டும். அவசரம் ஒண்ணுமில்லீங்க எங்களுக்கு.